மலைக்குப் போன பிள்ளைகள்

ஓர் ஊரைத் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டு, அந்த ஊர்க் கிழவரிடமே போய், "தாத்தா, எங்களுக்கு ஒரு பாட்டுச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்பதென்றால் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நியூயார்க் நகரத்துப் பிள்ளைகள் இருபது கோடைகளுக்கு மேல் இந்தக் காரியத்தைச் செய்தார்கள். கிழவர்களும் மறுக்காமல் பாடினார்கள்.

விஷயம் இதுதான். நியூயார்க்குக்கு வடக்கே, சுமார் நூறு மைலில் காட்ஸ்கில் மலைகள் இருக்கின்றன. நகரம் பெருத்துக் குடிதண்ணீருக்குத் தவித்தபோது அதன் பார்வை இந்த மலைகளின் மேல் விழுந்தது. 1907-இல் அஷோகன் என்ற நீர்த்தேக்கத்தைக் கட்டத் தொடங்கினார்கள். (நம் அசோகச் சக்கரவர்த்திக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை, அந்த மண்ணின் ஆதிகுடிகள் வைத்த பெயர்.) வீடு, மாதாகோயில், பழத்தோட்டம் எல்லாவற்றையும் விட்டுச் சுமார் 2,000 பேர் வெளியேறினார்கள். செத்தவர்களுக்கும் அங்கே இடமில்லை. கல்லறைகளைத் தோண்டி அப்புறப்படுத்தினார்கள். அத்துடன் நகரத்தின் தாகம் தீர்ந்ததா என்றால், இல்லை. 1950-களில் பெபாக்டன் என்ற இன்னொரு நீர்த்தேக்கம் வந்து மேலும் நான்கு கிராமங்களை விழுங்கியது.

இந்த மலையில், ஃபினீஷியா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், 'கேம்ப் உட்லண்ட்' என்ற கோடை முகாமை நடத்தியவர் நார்மன் ஸ்டூடர். ஓஹயோவில் பிறந்தவர், பள்ளிக்கூட வாத்தியார். 1939-இல் தொடங்கிய முகாம் 1962 வரை நடந்தது. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து படிப்பதே அபூர்வமாக இருந்த அந்நாளில், இங்கே இரு இனத்துப் பிள்ளைகளும் ஒன்றாக உண்டு உறங்கினார்கள்.

கோடை முகாம் என்றால் நீச்சல், பந்து, ராத்திரி கணப்பு, இவ்வளவுதான் என்று நினைத்திருந்த பெற்றோர்களுக்கு ஸ்டூடரின் ஏற்பாடு கொஞ்சம் விசித்திரமாகத்தான் பட்டிருக்கும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் மலைக் கிராமங்களுக்குப் போவார். மரம் வெட்டியவர், கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விட்டவர், பிடில் வாசிப்பவர் என்று முதியவர்களைத் தேடிப் பிடிப்பார். அவர்கள் வாய் திறக்கும் வரை காத்திருப்பது பிள்ளைகளின் பாடம். பிள்ளைகளை ஓடச் செய்வது சுலபம். ஒரு கிழவர் எதிரில் பேசாமல் உட்காரச் செய்வதல்லவா வித்தை!

இப்படிக் கிடைத்தவர்களில் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் ஒரு பொக்கிஷம். காட்டு வேலை செய்து பிழைத்தவர். குடும்பத்தில் வழிவழியாக வந்த பாட்டுகள் அவர் நாவில் இருந்தன. முகாமின் இசைப் பொறுப்பை ஏற்றிருந்த ஹெர்பர்ட் ஹாஃப்ரெக்டும், பின்னால் வந்த நார்மன் காஸ்டனும் அவற்றைக் குறித்துக்கொண்டார்கள். போனி குவில்லன் என்ற தெப்பக்காரனைப் பற்றி மலையில் வழங்கிய கதைகளைக் கொண்டு, பிள்ளைகள் பாடுவதற்கென்று ஹாஃப்ரெக்ட் ஓர் இசைக்கதை அமைத்தார். கோடை முடிவில் ஒரு திருவிழா. கதை சொன்ன கிழவர்களே வந்து பாடுவார்கள். அவர்கள் சொன்ன கதையைப் பேரப்பிள்ளை வயதுள்ளவர்கள் மேடையில் நடித்துக் காட்டுவார்கள். கொடுத்த கடன் வட்டியோடு திரும்பி வந்தது போல!

சர்க்காருக்கு இதெல்லாம் சந்தேகமாக இருந்தது. கோடை முகாம்களில் கம்யூனிஸம் நுழைந்துவிட்டதா என்று 1955-இல் நியூயார்க் மாநிலச் சட்டசபைக் குழு ஒன்று துருவியபோது உட்லண்டும் அதற்குத் தப்பவில்லை. ஸ்டூடர் இடதுசாரி நண்பர்கள் உள்ளவர்தாம். பீட் சீகர் என்ற பாடகர் முகாமுக்கு வந்து பாடுவது வழக்கம். அவரும் அப்போது விசாரணைகளில் அலைக்கழிக்கப்பட்டவர். ஆனால் மரவெட்டியின் பாட்டில் என்ன ராஜத் துரோகத்தைக் கண்டுபிடிப்பது?

அந்தச் சீகர், ஷோலக்கோவின் டான் நதி நாவலில் கண்ட ஒரு கோசாக்குப் பாட்டின் சாயலில், மலர்களெல்லாம் எங்கே போயின என்று கேட்கும் பாட்டை 1955-இல் எழுதியிருந்தார். மூன்றே அடுக்குகள். 1960-இல் ஜோ ஹிக்கர்சன் என்ற மாணவர் இன்னும் சில அடுக்குகள் சேர்த்து, முடிவைத் தொடக்கத்தோடு முடிந்து வட்டமாக்கினார். அந்தக் கோடையில் உட்லண்ட் பிள்ளைகளுக்கு அதைப் பாடிக் காட்டினார். பிள்ளைகள் அதை நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு உலகமே பாடியது.

1962-இல் நடந்தது இதைவிட அதிசயம். ஹெக்டர் அங்குலோ என்ற கியூபா தேசத்து இளைஞர் முகாமில் வேலைக்கு வந்தார். கவி ஹோஸே மார்த்தியின் அடிகளைப் பொருத்திய 'குவாண்டானமேரா' பாட்டை அவர் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். சீகர் அங்கே அதைக் கற்றுக்கொண்டு, 1963-இல் கார்னகி மண்டபத்தில் பாடினார். மார்த்தி அந்த அடிகளை எழுதியது எங்கே என்று நினைக்கிறீர்கள்? கியூபாவில் அல்ல. 1890-இல், உடல் நலிந்து, மலைக்குப் போகும்படி வைத்தியர் சொன்னதன்பேரில் வந்து தங்கியிருந்த காட்ஸ்கிலில்! எழுபது வருஷம் கழித்து, கடல் தாண்டிப் போன கவிதை அதே மலைக்கு ஒரு பிள்ளைக் கூட்டத்தின் வாயில் திரும்பி வந்தது. நாவலில் எழுதியிருந்தால், "இது கொஞ்சம் அதிகம்" என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள்.

அந்தக் கோடையே முகாமின் கடைசிக் கோடை. சேர்த்த பாட்டுகள் புத்தகமாக வர இன்னும் இருபது வருஷமாயிற்று. ஸ்டூடர் 1978-இல் காலமானார், காஸ்டன் 1980-இல். 1982-இல் 'காட்ஸ்கில் நாட்டுப் பாடல்கள்' வெளிவந்தபோது, அட்டையில் அச்சிட்டிருந்த மூன்று பெயர்களில் ஹாஃப்ரெக்ட் ஒருவர்தாம் அதைக் கையில் வாங்கிப் பார்க்க இருந்தார்.