போக்கம்டக் பள்ளத்தாக்கு நினைவுச் சங்கம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கனெக்டிகட் ஆற்றோடு டீர்ஃபீல்டு ஆறு வந்து சேரும் பள்ளத்தாக்கில் டீர்ஃபீல்டு என்றொரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊரார் 1870இல் தொடங்கிய வரலாற்றுச் சங்கம் இது. நினைவு மண்டபம் என்ற அருங்காட்சியகமும் ஒரு நூலகமும் இதன் பொறுப்பில் உள்ளன. அந்நாட்டில் இத்தகைய ஊர்ச் சங்கங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுள் இது மிகப் பழையவற்றில் ஒன்று என்பதைவிட, பிறந்த கதையாலும் பிற்காலத்தில் தன்னையே திருத்திக்கொண்ட விதத்தாலும்தான் தனியே பேசத் தகுந்ததாகிறது. பிறக்கக் காரணம் ஒரு கதவு. திருத்தம் தேவைப்பட்டதற்குக் காரணம், சங்கத்தின் பட்டயத்திலேயே எழுதப்பட்டுவிட்ட ஒரு கருத்து.

ஊரும் 1704ஆம் ஆண்டும்

பள்ளத்தாக்கு போக்கம்டக் மக்களுடையது. சங்கத்தின் பெயரில் இருப்பதும் அவர்கள் பெயரே. பாஸ்டனுக்கு அருகிலிருந்த டெட்டம் என்ற ஊர், தொல்குடிக் கிறித்தவர்களுக்கு நேட்டிக்கில் 2,000 ஏக்கரை விட்டுக்கொடுத்தது. அதற்கு ஈடாகக் குடியேற்ற அரசு 1660களில் மேற்கே 8,000 ஏக்கர் தந்தது. அந்த 8,000 ஏக்கர்தான் பின்னாளில் டீர்ஃபீல்டு. தொல்குடியினருக்குக் கொடுத்த நிலத்துக்கு ஈடாக வேறொரு தொல்குடியினரின் நிலத்தையே எடுத்துக் கொடுத்த இந்தக் கணக்கை அந்தக் காலத்தில் யாரும் விசித்திரமாக எண்ணியதாகத் தெரியவில்லை.

குடியேறியவர்களுக்கு நிம்மதி கிடைக்கவில்லை. 1675 செப்டம்பர் 18 அன்று தானிய வண்டிகளோடு போன படையினரும் வண்டியோட்டிகளும் ஓர் ஓடைக் கரையில் தாக்கப்பட்டு அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஓடைக்குக் குருதியோடை என்றே பெயர் நிலைத்தது. ஊர் காலியாகி, பிறகு மறுபடியும் குடியேற்றம் நடந்தது.

ஊரின் நினைவு முழுவதும் சுற்றிவருவது 1704 பிப்ரவரி 29ஐத்தான். ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் மோதிக்கொண்டிருந்த போரின் அலை அது. எர்ட்டெல் தெ ரூவில் என்ற பிரெஞ்சு அதிகாரியின் தலைமையில் பிரெஞ்சுக்காரர்களும் அபெனாக்கி, மோஹாக், வெண்டாட் வீரர்களுமாக இருநூற்றுக்கும் முந்நூற்றுக்கும் இடைப்பட்ட படை கனடாவிலிருந்து பனியில் நடந்து வந்தது. ஊரைச் சுற்றி மர அரண் இருந்தது. ஆனால் காற்று குவித்த பனி அரணின் உச்சிவரை ஏறியிருந்தது. விடியலுக்கு முன் பனிமேட்டில் நடந்தே உள்ளே இறங்கிவிட்டார்கள். ஏறத்தாழ ஐம்பது பேர் கொல்லப்பட்டார்கள். 112 பேர் சிறைபிடிக்கப்பட்டு, கடுங்குளிரில் சுமார் 480 கிலோமீட்டர் நடத்திச் செல்லப்பட்டார்கள்.

போதகர் ஜான் வில்லியம்ஸ் அவர்களில் ஒருவர். அவர் மனைவி வழியிலேயே கொல்லப்பட்டார். 1706இல் திரும்பி வந்து தம் சிறைக்கதையை அவர் எழுதிய புத்தகம் அந்தக் காலத்தில் பெரிதும் வாசிக்கப்பட்டது. பிடிபட்டபோது ஏழு வயதான அவர் மகள் யூனிஸ் திரும்பவில்லை. கனவாகே என்ற மோஹாக் ஊரில் தத்தெடுக்கப்பட்டாள். அந்த மொழி பேசினாள், ஆங்கிலம் மறந்தாள், அரோசென் என்ற மோஹாக் இளைஞரை மணந்தாள். வயதுவந்தபின் அண்ணன் வீட்டுக்கு விருந்தாளியாகச் சிலமுறை வந்துபோனதோடு சரி. 1785இல், எண்பத்தொன்பது வயதில், கனவாகேயிலேயே இறந்தார். போரில் இறந்த உறவின் இடத்தில் பிடிபட்டவரை வைத்து மகளாக, சகோதரனாக வளர்ப்பது மோஹாக் வழக்கம். டீர்ஃபீல்டு இதைக் கடத்தல் என்று மட்டுமே நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தது.

கதவு

தாக்குதலில் தப்பிய வீடுகளுள் ஒன்று ஜான் ஷெல்டனுடையது. அதன் முன்கதவு ஓக் மரத்தில் இரட்டைப் பலகை அடித்து, மேலெல்லாம் ஆணி அறைந்தது. வந்தவர்களால் அதை உடைக்க முடியவில்லை. கைக்கோடரியால் நடுவில் ஒரு துளை போட்டு, துளை வழியே துப்பாக்கி நீட்டிச் சுட்டார்கள். உள்ளே இருந்த ஷெல்டனின் மனைவி ஹன்னா அந்தக் குண்டுக்கு இறந்தார். ஷெல்டன் அடுத்த ஆண்டுகளில் மூன்றுமுறை கனடாவுக்குப் போய் பிடிபட்டவர்களில் பலரை மீட்டுவந்தார்.

வீடு மேலும் ஒன்றரை நூற்றாண்டு நின்றது. ‘பழைய இந்தியர் வீடு’ (இந்தியர் என்றது தொல்குடியினரை) என்று பெயர் ஏற்பட்டு, வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கும் இடமாகவும் ஆனது. உரிமையாளருக்கோ அது ஒழுகும் பழைய வீடு. இடித்துவிட்டுப் புதிது கட்ட நினைத்தார். 1847இல் ஊரார் கூடி, வீட்டை வாங்கவோ பெயர்த்து வேறிடம் வைக்கவோ பணம் திரட்டப் பார்த்தார்கள். பணம் சேரவில்லை. 1848இல் வீடு இடிக்கப்பட்டது. பழைய வீடொன்றை அதன் பழமைக்காகவே காக்க அமெரிக்காவில் ஊர்மக்கள் எடுத்த முதல் முயற்சிகளுள் ஒன்று இது என்று மரபுச்சின்னப் பாதுகாப்பு வரலாறு எழுதுவோர் குறிப்பிடுவார்கள். நியூயார்க் மாநிலம் வாஷிங்டன் தங்கிய வீட்டை வாங்கிக் காட்சிக்கு வைத்தது 1850இல்தான். டீர்ஃபீல்டு முந்திக்கொண்டது, ஆனால் தோற்றது.

கதவு மட்டும் பிழைத்தது. 1860களில் அதுவும் பாஸ்டன் பக்கத்து மருத்துவர் ஒருவருக்கு விலைபோனது. வீடு போனபோது வராத ஆத்திரம் கதவு போனபோது ஊருக்கு வந்தது. மருத்துவர் பெருந்தன்மையாளர், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கதவு திரும்பிவந்தது. திரும்பிவந்த கதவை எங்கே வைப்பது, யார் பொறுப்பில் வைப்பது என்ற கேள்விக்குக் கிடைத்த விடை என்றே 1870இல் பிறந்த சங்கத்தைச் சொல்லலாம்.

ஜார்ஜ் ஷெல்டன்

சங்கத்தை நிறுவியவர் ஜார்ஜ் ஷெல்டன் (1818–1916). கதவுக்கு உரிய ஜான் ஷெல்டனின் வழிவந்தவர், உழவர், விடாப்பிடிக்காரர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாமல் ஊர் ஆவணங்களைக் கிண்டிக் கிண்டியே வரலாற்றாசிரியர் ஆனார். 1895–96இல் இரண்டு தொகுதிகளாக வந்த டீர்ஃபீல்டு வரலாறு அவர் எழுதியது. குடும்பம் குடும்பமாக வம்சாவளி கொடுக்கும் அந்த நூலை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டாமல் இருக்க முடியாது. அதை அப்படியே நம்பவும் முடியாது.

ஊரின் அகாதெமிப் பள்ளி வேறு கட்டடத்துக்கு மாறியபின், 1790களின் இறுதியில் ஆஷர் பெஞ்சமின் வடிவமைத்த அதன் பழைய செங்கல் கட்டடம் சங்கத்தின் கைக்கு வந்தது. 1880இல் அது நினைவு மண்டபமாகத் திறக்கப்பட்டது. ஷெல்டன் செய்த ஓர் ஏற்பாடு அந்தக் காலத்துக்குப் புதிது: பழைய அடுக்களை, கூடம், படுக்கையறை என்று மூன்று அறைகளை, ஆட்கள் இப்போதுதான் எழுந்துபோனதுபோல, பொருள்களோடு அமைத்துவைத்தார். அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக அமைந்த இத்தகைய ‘கால அறை’களில் இவை அமெரிக்காவின் மிக முந்தியவற்றில் சேரும். பொருள்கள் எல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளின் பரணிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் வந்தவை. இன்னார் கொடுத்தது, இன்னாருடைய பாட்டி வைத்திருந்தது என்ற குறிப்போடுதான் காட்சிக்கு வந்தன. கலையழகு பார்த்து வாங்கிய சேகரிப்பு அல்ல. ஊர் தன்னைத்தானே அடுக்கிவைத்துக்கொண்டது.

சங்கத்தின் நிகழ்ச்சிகள் ஆண்டில் இரண்டு பருவங்களில் அமைந்தன. பிப்ரவரிக் கடைசியில், 1704 நினைவுநாளை ஒட்டி ஆண்டுக் கூட்டம்: கட்டுரை வாசிப்பு, பாட்டு, இராச்சாப்பாடு. கோடையில் களக்கூட்டம்: பழைய போர் நடந்த இடத்துக்கோ கல் நடும் இடத்துக்கோ ஊரே வண்டி கட்டிக்கொண்டு போகும். போதகரின் மனைவி கொல்லப்பட்ட ஆற்றங்கரையில் 1884இல் நட்ட கல் அப்படிப்பட்டது. இந்தக் கூட்டங்களில் வாசித்த கட்டுரைகள் தொகுதி தொகுதியாக அச்சேறின. வரலாற்றுச் சங்கம் என்றால் முதியவர்கள் கூடித் தூங்கும் இடம் என்ற கேலி அந்த நாட்டிலும் உண்டு. டீர்ஃபீல்டு களக்கூட்டங்களில் தூங்க நேரம் இருந்திருக்காது.

பெண்களின் பங்கு

இந்தக் கதையைத் தாத்தாக்களின் கதையாகவே சொல்லிவிடுவது வழக்கம். அது பிழை. சி. ஆலிஸ் பேக்கர் என்ற ஆசிரியை 1890இல் தம் முன்னோர் வீடான ஃபிரேரி வீட்டைச் சொந்தப் பணத்தில் வாங்கிப் புதுக்கினார். கனடாவுக்குப் போய் மாதாகோவில் பதிவேடுகளைத் தேடி, பிடிபட்டுத் திரும்பாதவர்கள் அங்கே என்ன ஆனார்கள் என்று 1897இல் ஒரு நூலும் எழுதினார். 1909இல் அவர் இறந்தபோது வீடு சங்கத்துக்கு வந்தது.

மார்கரெட் வைட்டிங், எலன் மில்லர் என்ற இரு ஓவியர்கள் நினைவு மண்டபத்திலிருந்த பழைய பூத்தையல்களைப் பார்த்து, 1896இல் நீல–வெள்ளைப் பூத்தையல் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவுரிச் சாயம் தோய்த்த நூலால் லினன் துணியில் ஊர்ப் பெண்கள் தைத்தார்கள். ஆளி நார் நூற்கும் ராட்டையின் சக்கரத்துக்குள் ஊர்ப்பெயரின் முதலெழுத்தைப் பொறித்ததுதான் முத்திரை. கூலி கிடைத்தது, பெயரும் கிடைத்தது. கூடை, கம்பளம், உலோகவேலை என்று மற்றக் கைத்தொழில்களும் கூடவே தலையெடுத்தன. உழவு மெலிந்து, ஆலைகள் இல்லாமல், இளைஞர் வெளியேறிக்கொண்டிருந்த ஊருக்கு அது பெரிய ஊன்றுகோல். அருங்காட்சியகப் பெட்டிக்குள் இருந்த துணி ஒன்று அடுப்பு எரிய வைத்தது என்பது, பழம்பொருளைக் காப்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்குச் சொல்லத் தக்கது. பூத்தையல் சங்கம் 1926இல் கலைந்தது.

1910, 1913, 1916 ஆண்டுகளில் ஊரே நடித்த வரலாற்றுக் காட்சி நாடகங்கள் திறந்தவெளியில் நடந்தன. காது கேளாமையால் ஆசிரியப்பணியை விட்டுப் புகைப்படக் கலைக்கு வந்த ஆலன் சகோதரிகளின் படங்களில் அந்த நாடகங்களின் வேடங்களை இன்றும் பார்க்கலாம். தொல்குடியினர் வேடத்தில் நின்றவர்களும் ஊர் வெள்ளையர்களே.

‘மறைந்துபோன’ மக்கள்

சங்கத்தின் பட்டயம் இரண்டு நினைவுகளைக் காப்பதாகச் சொன்னது: முதற்குடியேறிகளுடையது ஒன்று; அவர்களுக்கு முன் மறைந்துபோன இனத்துடையது மற்றொன்று. மறைந்துபோனார்கள் என்பதுதான் வில்லங்கம். 1837 கோடையிலேயே, யூனிஸ் வில்லியம்ஸின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட அபெனாக்கிக் குடும்பங்கள் டீர்ஃபீல்டுக்கு வந்து கூடாரம் போட்டுத் தங்கி, பாட்டியின் பெற்றோர் கல்லறையைப் பார்த்துப் போயிருந்தார்கள். அப்போது ஜார்ஜ் ஷெல்டனுக்குப் பதினெட்டு வயது. மறைந்துபோகாதவர்கள் தெருவில் நடந்ததை அறிந்த ஊர்தான் முப்பத்துமூன்று ஆண்டு கழித்து அந்தப் பட்டயத்தை எழுதியது.

நினைவு மண்டபத்தின் சுவரில் 1704இல் இறந்தோர், பிடிபட்டோர் பெயர்களைப் பொறித்த பளிங்குப் பலகைகள் உண்டு. மேரி ஃபீல்டு என்ற சிறுமியைப் பற்றிய பலகை, அவள் ஒரு காட்டுமிராண்டியை மணந்து தானும் அப்படியே ஆனாள் என்ற பொருளில் முடிகிறது. பேக்கர் கனடாவில் தேடிக் கண்ட மனிதர்களுக்கும் இந்தப் பளிங்கு வாசகத்துக்கும் இடையில் உள்ள தூரம் ஒரே சங்கத்துக்குள் இருந்தது.

ஷெல்டனை இதில் ஒரேயடியாகக் குற்றம் சாட்டவும் முடியாது. வடமாநிலங்கள் தம் அடிமைமுறையை மறந்துவிட்டிருந்த காலத்தில், 1893இல், பழைய டீர்ஃபீல்டில் இருந்த அடிமைகளைப் பற்றிக் கட்டுரை எழுதியவர் அவர். 1746இல் ஊரின் ஓரத்தில் நடந்த மற்றொரு தாக்குதலைப் பாட்டாகக் கட்டிய லூசி டெர்ரி அந்த அடிமைகளுள் ஒருவர்; ஆப்பிரிக்க அமெரிக்கர் இயற்றியதாக அறியப்படும் மிகப் பழைய இலக்கியம் அந்தப் பாட்டே. வாய்மொழியாக வாழ்ந்து 1850களில்தான் அது அச்சேறியது.

பிற்காலம்

ஷெல்டனுக்குப் பின் அவர் மனைவி ஜென்னி ஆர்ம்ஸ் ஷெல்டன் மண்டபத்தைக் கவனித்துக்கொண்டார். 1929இல் ‘பழைய இந்தியர் வீட்டின்’ மாதிரி ஒன்று ஊரில் எழுப்பப்பட்டது. 1952இல் ஹென்றி ஃபிளிண்ட், ஹெலன் ஃபிளிண்ட் தம்பதி நிறுவிய அறக்கட்டளை தெருவின் பழைய வீடுகளை ஒவ்வொன்றாகப் புதுக்கியது. இன்று ‘வரலாற்று டீர்ஃபீல்டு’ என்று அறியப்படும் அந்தப் பெரிய நிறுவனத்தையும் இந்தச் சங்கத்தையும் ஒன்றென்று வெளியூர்க்காரர்கள் குழப்பிக்கொள்வார்கள். இரண்டும் தனித்தனி, நூலகங்கள் மட்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

2004இல் தாக்குதலின் முந்நூறாம் ஆண்டு வந்தது. சங்கம் உருவாக்கிய இணையக் கண்காட்சி அதே நிகழ்ச்சியை ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மோஹாக், வெண்டாட், அபெனாக்கியரை உள்ளிட்ட வபனாக்கி ஆகிய ஐந்து தரப்பிலிருந்தும் சொன்னது. ஒரே காட்சியின்மேல் ஐந்து விளக்கங்கள். எது சரி என்ற தீர்ப்பு இல்லை. அதில் இடம்பெற்றவற்றுள் பெரிய பீவர் கதையும் ஒன்று. ஆற்றை அணைகட்டி அட்டகாசம் செய்த ராட்சத பீவர் ஒன்று கொல்லப்பட்டு மலையாகக் கிடக்கிறது என்பது போக்கம்டக் மக்களின் கதை. ஊருக்குத் தெற்கே நிற்கும் சுகர்லோஃப் மலைதான் அதன் தலை. 1870களில் இந்தக் கதையை எழுதிக் காத்தவர் சங்கத்தின் உறுப்பினரான ஒரு முதியவர். மறைந்துபோனவர்கள் சொன்ன வேடிக்கைக் கதையாக அது சங்கத் தொகுதியில் கிடந்தது.

சங்கத்தின் செலவுக்குக் கைகொடுப்பவற்றுள் ஊர்ப் புல்வெளியில் அது நடத்தும் கைவினைச் சந்தைகளும் சேரும். மண்டபம் கோடையும் இலையுதிர் காலமும் திறந்திருக்கும். கதவு அங்கேதான் இருக்கிறது. துளையை யாரும் அடைக்கவில்லை.