ஒரு நாற்காலிக்கு ஏன் ஆறு உயிர்?

பெருமாள்மலையில் நாங்கள் மேலவளவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "பஞ்சாயத்துத் தலைவர் பதவி அவ்வளவு பெரிசாண்ணே? அதுக்கா ஆறு பேரை வெட்டினாங்க?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நூற்றைம்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

நம் மலையில் மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் 'பங்கு' என்ற சொல் தெரியும். விக்டோரியா ராணி காலத்து லண்டனில் உள்ளாட்சியே அந்தப் பங்கு எல்லையை வைத்துத்தான் நடந்தது. 'வெஸ்ட்ரி' எனப்பட்ட பங்குச் சபைகளிடம் சாக்கடை, சாலை, தெருவிளக்கு, குப்பை ஆகியவற்றை 1855-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்படைத்தது. ஆனால் வரி கட்டுபவருக்கு மட்டுமே ஓட்டு. உறுப்பினராக வேண்டுமென்றால் சொத்து இன்னும் அதிகம் இருக்க வேண்டும். விளைவு? கிளர்க்கன்வெல் பகுதியில் ஏழைகளை நெருக்கியடைத்து வாடகை வசூலித்த வீட்டு முதலாளிகளே வெஸ்ட்ரியிலும் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுவசதியை விசாரித்த அரச ஆணையம் 1885-இல் இதை அம்பலப்படுத்தியது. குற்றவாளியும் அவனே, சுகாதார ஆய்வாளருக்கு உத்தரவு போடுபவனும் அவனே. வெஸ்ட்ரிகளை 1899-இல் சட்டம் போட்டுக் கலைத்தார்கள்.

அதே காலத்தில் சென்னையில் என்ன நடந்தது? 1867-இல் நகரத்தை எட்டு டிவிஷன்களாகப் பிரித்து, டிவிஷனுக்கு நான்கு பேர் என 32 கமிஷனர்களை அரசே நியமித்தது. 1878-இல் பாதிப் பேரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. யாருக்கு? இங்கேயும் வரி கட்டுபவர்களுக்கு. அந்த நகரத்தின் மலத்தை அள்ளியவர்கள், தெருவைக் கூட்டியவர்கள் நம் மக்கள். நகரத்தை யார் ஆளுவது என்று சொல்லும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை. 1882-இல் உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்த ரிப்பன் பிரபுவின் பெயரில் சென்னையில் மாளிகை நிற்கிறது. அதில் மேயராக முதல் தலித்தான ஜெ. சிவசண்முகம் பிள்ளை உட்கார 1937 வரை ஆனது. முதல் தலித் பெண் மேயர் பிரியா உட்கார 2022 வரை ஆனது.

நகரத்தில் வரி தடுத்தது என்றால் கிராமத்தில் சாதி தடுத்தது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தை அரசியல் சட்டத்தின் அலகாக வைக்க அம்பேத்கர் மறுத்தது இதனால்தான். ஊர் என்றால் யார் ஊர் என்பது அவருக்குத் தெரியும்.

73-ஆவது சட்டத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் நமக்குத் தனி இடங்களைக் கொடுத்தன. சட்டம் கொடுத்ததை ஊர் கொடுக்கவில்லை. மேலவளவில் தலைவராகத் தேர்வான முருகேசனையும் மேலும் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்தாண்டுகள் தலித் தலைவரை நாற்காலியில் உட்காரவே விடவில்லை. 2006-இல்தான் முறையான தேர்தல் நடந்தது.

தம்பிக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான். தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு, சுடுகாட்டுப் பாதை யாருக்கு, கண்மாய் ஏலம் யாருக்கு என்று முடிவு செய்யும் இடம் அது. பதவி சின்னதாக இருந்திருந்தால் அவர்கள் கத்தியை எடுத்திருக்க மாட்டார்கள்.

இப்போது கத்தி இல்லாமலும் நாற்காலியைக் காலி செய்ய முடியும். 2016 முதல் 2019 வரை தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சியே இல்லை. 2025 ஜனவரி 5-இல் திண்டுக்கல் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்ததும் பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தேர்தல் தள்ளிப்போனால் முதலில் காலியாவது நம்முடைய தனி இடங்கள்தான். பணக்காரத் தெருவுக்கு அதிகாரியைப் பார்க்க வேறு வழி உண்டு. நமக்கு அந்த ஒரு வழிதான்.

எனவே தோழர்களே, அடுத்த கிராம சபைக்குப் போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். வரவு செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் தெருவின் பெயர் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள்.

ஜெய்பீம்.