நாக்கில் வைக்க முடியாத புளிப்பு

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு இன்வெர்ட்டரைப் பார்க்க வரும் மெக்கானிக்கின் சட்டையில் கடுகளவு ஓட்டைகள். "தெறிச்சப்ப ஒண்ணும் தெரியாது சார். துவைச்சாதான் ஓட்டை விழும்" என்றார். பேட்டரியிலிருந்து தெறித்தது அவருக்கு ஆசிட். அந்தக் கால எஸ்.எஸ்.எல்.சி. படித்த என் அப்பாவுக்குக் கந்தகத் திராவகம். என் பையனின் புத்தகத்தில் சல்பியூரிக் அமிலம், சில இடங்களில் கந்தக அமிலம்.

அமிலம் வடமொழி 'அம்ல'த்தின் வழி வந்தது. புளிப்பு என்று பொருள். தனித்தமிழ் அன்பர்கள் காடி என்றார்கள். அதுவும் புளித்த கஞ்சிதான். நாக்கில் வைக்கவே முடியாத ஒன்றுக்குச் சுவையை வைத்துப் பெயர்! திராவகமும் வடமொழிதான், ஆனால் உருக்குவது, கரைப்பது என்று அது செய்யும் வேலையைச் சொல்கிறது. சட்டை ஓட்டையைப் பார்த்த பிறகு என் ஓட்டு திராவகத்துக்கே.

அந்தச் சொல்லுக்கு நம்மிடம் வாலையின் வாசனையும் உண்டு. உப்புகளை வாலை என்னும் வடிகலத்திலிட்டு எரித்து இறக்கும் நீரைச் சித்த வைத்தியர்கள் திராவகம் என்றார்கள். சங்கத் திராவகம் அப்படி ஒரு மருந்து. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியைப் பாருங்கள், பச்சை நிறக் கற்கண்டு மாதிரி இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த உப்பு. ஐரோப்பியர்கள் இதைக் காய்ச்சி, வடிந்த கந்தகத் திராவகத்தை 'விட்ரியால் எண்ணெய்' என்றார்கள். விட்ரியால் என்றால் கண்ணாடி போன்றது. நம் வைத்தியரோ எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் புடமிட்டார். புகையாகப் போனதை விட்டுவிட்டு, மிஞ்சிய செம்பொடியைச் சோகைக்கு மருந்தாக்கினார்: அன்னபேதி செந்தூரம். அடுப்பும் சரக்கும் ஒன்று, எடுத்துக்கொண்டதுதான் வேறு.

1906-இல் பாரி கம்பெனி ராணிப்பேட்டையில் உரத் தொழிற்சாலை தொடங்கியது. பாறையில் இருக்கும் பாஸ்பேட்டைப் பயிருக்கு எட்டும் சூப்பர் பாஸ்பேட்டாக மாற்றுவது கந்தகத் திராவகம்தான். பொருள் இப்படி ஆலைக்கு வர, பெயர் தேடும் வேலையும் நடந்தது: பத்து ஆண்டு கழித்து, 1916-இல், ராஜாஜி சேலத்தில் நண்பரோடு சேர்ந்து அறிவியல் கலைச்சொல்லுக்கென்றே ஒரு சங்கம் வைத்தார். அவர் 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார்.

பாடநூலில் அமிலமே வென்றது. திராவகம் இன்று பெரும்பாலும் 'திராவக வீச்சு' என்று குற்றச் செய்தியில்தான் தென்படுகிறது. நல்ல சொல்லுக்கு வந்த கேடு. 2013-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி, அடையாள அட்டை காட்டி, எதற்கென்று காரணம் சொன்னால்தான் கடைக்காரர் திராவகத்தை விற்கலாம். 18 வயது நிரம்பாதவருக்குக் கிடையாது.