ஆடி வரை காத்திராத இதயம்

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். ஒரே பந்தலில் பலர் சேர்ந்து ஊரை அழைப்பார்கள். இலையில் ஆட்டுக்கறி, பக்கத்தில் மேசை போட்டு ஆளுக்கொரு நோட்டு. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் பெயரையும் ஊரையும் சொல்லிப் பணத்தை நீட்டுவார். முன்பு வாங்கியதைத் திருப்புவது ஒரு கணக்கு. அதற்கு மேல் போடுவது புதுக் கணக்கு. வட்டி இல்லை, பத்திரம் இல்லை.

அந்தப் பணத்தில் கடை வைத்தார்கள், கடன் அடைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், வைத்தியமும் பார்த்தார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் ஒருவர் விருந்து வைத்தால் அடுத்த முறைக்கு ஐந்து ஆண்டு ஆகும்.

இருதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கு அந்த அவகாசம் இல்லை. ஆயிரம் குழந்தைகளில் எட்டுப் பத்துப் பேர் ஏதாவதொரு இதயக் குறையோடு பிறக்கிறார்கள். சிறிய ஓட்டை பல சமயம் தானாகவே மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டை என்றால் பால் குடிக்கும்போதே குழந்தைக்கு மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும், எடை ஏறாது. தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடி, பிறகு அறுவை சிகிச்சையே செய்ய முடியாத நிலை வந்துவிடும். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்துப் பணம் புரட்டி முடிப்பதற்குள் காலம் கடந்துபோன குடும்பங்களின் துயரம் இதுதான்.

2008இல் தமிழக அரசு இளஞ்சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது: குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு 1 லட்சம் ரூபாய். 2012 ஜனவரியில் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதை ஆண்டுக்கு 1 லட்சமாக்கியது. 2018இல் அது 5 லட்சமானது. தொகையைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று: பணம் கட்டினால்தான் அறுவை அரங்கு என்ற நிலை ஏழை வீடுகளுக்கு இல்லாமல் போனது.

இந்தக் காப்பீட்டு அட்டைக்கும் முன்யோசனை வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நடை. நோய் வந்தபின் தொடங்கினால் இதற்கும் நாள் போகும். பஸ் கட்டணம், துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, கூலி இழந்த நாட்கள் ஆகியவற்றுக்குக் குடும்பம்தான் தனியே எடுத்துவைக்க வேண்டும்.

அட்டை எட்டாத நோய்களும் உண்டு. முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவுக்கான ஒரு மரபணு மருந்தை, 2 வயதுக்குட்பட்டோருக்கென 2019இல் அமெரிக்கா அனுமதித்தது. அப்போது ஒரு ஊசி சுமார் 16 கோடி ரூபாயாக இருந்தது. 2021இல் நாமக்கல் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்காக, முகம் தெரியாதவர்களெல்லாம் இணையம் வழியாகப் பணம் அனுப்பினார்கள். அதற்குமேல் இறக்குமதி வரி பல கோடி நின்றது. ஒன்றிய அரசு அந்த வரியைத் தள்ளுபடி செய்ய, அந்த ஆண்டே குழந்தைக்கு ஊசி போடப்பட்டது.