போன் ஆஃப் ஆனாலும் வீடு தயாரா இருக்கா? வெள்ளத்துக்கு முன் செய்ய வேண்டியவை

2024 டிசம்பர் 2, அதிகாலை. ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையோரம் ஊரே தூங்கும் நேரம் அது. கெடிலக் கரையில் இருக்கும் திருநாவலூர்க்காரர்களுக்கும் இதில் பாடம் உண்டு. ராத்திரியில் தண்ணி வந்தா, யோசிக்க நேரம் இருக்காது. கரன்ட் இல்லாம போனும் அணைஞ்சிருக்கலாம். அதனால இப்பவே...

பேப்பரில் எழுதுங்க: வீட்டார், உறவினர் நம்பர்கள். கூடவே அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

ஒரு பை ரெடி பண்ணுங்க: ஆதார், ரேஷன் கார்டு, பத்திர நகல்கள் பிளாஸ்டிக் கவரில். டார்ச், பவர் பேங்க், குடிநீர், பிஸ்கட். தாத்தா, பாட்டியின் சுகர், பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்கு.

பேசி முடிவெடுங்க: பாட்டியை யார் கூட்டிட்டுப் போறது? எந்த மேட்டில் சந்திக்கிறது? மாட்டை யார் அவிழ்த்து விடுறது?

தண்ணி ஏறினா: வீட்டுக்குள் வரும் முன்பே மெயின் சுவிட்சை அணைச்சு, கேஸ் ரெகுலேட்டரை மூடுங்க. ஓடுற தண்ணியில் இறங்காதீங்க, பைக்கையும் இறக்காதீங்க. அரையடி வேகமான தண்ணியே ஆளைச் சாய்ச்சிடும்.

நெட் போனாலும் எஸ்.எம்.எஸ். போக வாய்ப்பு அதிகம். 'பத்திரமா இருக்கோம்'னு ஒரு வரி போதும்.

மழைக்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயித்துக்கிழமையே வீட்டில் உட்கார்ந்து பேசிடுங்க!