கான்கிரீட் தேய்க்கும் கல் பிறந்த கதை

களிமண்ணையும் கோக் கரித் தூளையும் கலந்து இரும்புக் கிண்ணத்தில் கொட்டி, நடுவே ஒரு கார்பன் கம்பியைச் செருகி மின்சாரம் பாய்ச்சினார் எட்வர்டு ஆச்சிசன். ஆண்டு 1891, இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மோனங்ககீலா. எடிசனிடம் வேலை பார்த்தவர். தேய்ப்பு வேலையில் வைரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று ஆசை. ஆறிய பிறகு கிண்ணத்தில் உருப்படியாக ஒன்றும் இல்லை. கம்பியின் நுனியில் மட்டும் சில பொடிகள் மினுங்கின. ஒன்றைப் பென்சில் முனையில் பொருத்திக் கண்ணாடியில் இழுத்தார். கீறல் விழுந்தது.

அதுதான் சிலிக்கன் கார்பைடு. கார்போரண்டம் என்ற பெயரில் விற்றார். முதலில் வாங்கியவர்கள் ரத்தினம் தீட்டுகிறவர்கள், அதுவும் கேரட் கணக்கில்! 1895இல் தொழிற்சாலை நயாகராவின் மின்சாரத்தைத் தேடிப் போனது. மணலும் கோக்கும் பெரிய உலைகளில் வெந்தன.

கான்கிரீட்டில் இருக்கும் குவார்ட்ஸ் மணலின் கடினம் மோ அளவில் 7. சிலிக்கன் கார்பைடோ 9ஐத் தாண்டியது. சட்டென உடையும் குணமும் உண்டு. அது குறையல்ல, உடைந்த இடத்தில் புது முனை கிடைக்கிறது. இரும்பு தேய்க்கிற அலுமினியம் ஆக்சைடு வீலைக் கான்கிரீட்டில் வைத்தால் வேலை நகராது.

இருந்தும் நன்றாக இறுகிய தளத்தில் கார்பைடு கல் வேகமாகக் கரையும். அதற்கு வைரம்தான் வேண்டியிருந்தது. 1954 டிசம்பரில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் செயற்கை வைரம் செய்தார்.

இன்று ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுகிற கப் வீலில் வைரத்துகள்களைப் பிடித்திருப்பது உலோகப் பிணைப்பு. என்னைக் கேட்டால், வைரத்தைவிட இந்தப் பிணைப்பைத்தான் பார்த்து வாங்க வேண்டும். கெட்டியான கான்கிரீட்டுக்கு மெத்தென்ற பிணைப்பு. மணல் உதிரும் தளத்துக்குக் கெட்டிப் பிணைப்பு. தலைகீழாகத் தோன்றும். ஆனால் கெட்டித் தளத்தின் நைசான தூசி கெட்டிப் பிணைப்பின் உலோகத்தை அரிக்காது; மழுங்கிய வைரம் உதிராமல் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். வீல் வழவழப்பாகி, சூடு ஏறி, வெட்டாமல் வழுக்கும். பலர் அப்போது இன்னும் அழுத்துகிறார்கள், சூடுதான் கூடுகிறது. சொரசொரப்பான செங்கல்லில் சிறிது நேரம் ஓட்டினால் உலோகம் தேய்ந்து புது வைரம் தலைகாட்டும். பிணைப்பைக் காட்டும் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எந்தத் தளத்துக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.