செப்புக் கம்பி எட்டாத ஊர்கள்

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. முதல் சுற்றிலேயே சென்னைக்கு இடம் கிடைத்தது. வீட்டில் தொலைபேசி இருந்தவர்கள் ஒரு மோடம் வாங்கினால் போதும். கிராமத்துக்கோ அந்தத் தொலைபேசிக் கம்பியே வந்து சேரவில்லை. பத்துப் பதினைந்து வீட்டுக்காக மைல் கணக்கில் செப்புக் கம்பி இழுப்பது யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. அதனால் நகரத்தில் வைஃபை என்ற பேச்சு எழுவதற்கு முன்பே, கிராமங்களில் ரேடியோ அலை வழியாகத் தகவல் போக வேண்டியதாயிற்று.

1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் அதைச் செய்து பார்த்தது. வில்லியனூரில் நடு மையம். சுற்றுக் கிராமங்களுக்கு வி.எச்.எஃப். ரேடியோ; மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்தகடு. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்த அந்த விவரம் தமிழாகி, ஊர் ஒலிபெருக்கியில் கேட்டது. ஓர் இணைப்பு, ஊருக்கே பயன்பட்டது. 2004 சுனாமியன்று சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்ததும், நல்லவாடு என்ற மீனவக் கிராமத்து மக்களைக் கரையிலிருந்து விரட்டிக் காப்பாற்றியது, இத்திட்டத்தில் அங்கே அமைந்த மையத்தின் ஒலிபெருக்கிதான்.

அடுத்தது மேலூர். சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, மைதாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து கார்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்புக் கருவியை உருவாக்கியிருந்தது. சிறு நகரத்துத் தொலைபேசி நிலையம் வரை ஒளியிழை வந்துவிட்டது. அங்கே ஒரு கோபுரம் நட்டால் 10 கிலோமீட்டர் தொலைவுக்கு அலை போகும். கூரைமேல் ஏறும் ஆண்டெனாவுக்கு அந்தக் கோபுரம் மறைப்பில்லாமல் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். 2001 முதல் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தன. சாதி, வருமானச் சான்றிதழுக்காகப் பஸ் ஏறி அலைந்தவர்கள் உள்ளூரிலிருந்தே தாலுகா ஆபீசுக்கு மின்னஞ்சலில் மனு அனுப்பினார்கள்.

ஆனால் பயிற்சி பெற்ற அலுவலர்கள் மாற்றலாகிப் போனதும் அந்தச் சேவை படுத்துவிட்டது. வருமானம் போதாமல் பெரும்பாலான மையங்கள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன.

தேனியில் கதை வேறு. அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் சாதாரண வைஃபை கருவிகளைக் கொண்டே தொலைவிலுள்ள கண் மையங்களை இணைத்தன. வைஃபை ஒரு துணுக்குத் தகவலை அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்காகச் சில பத்து மைக்ரோ நொடிகளே காத்திருக்கும். பல கிலோமீட்டர் போய்த் திரும்பும் பதில் தாமதமாகும். தொலைந்துவிட்டது என்று எண்ணிக் கருவி மறுபடி அனுப்பும், வேகம் சரியும். இரு முனைகளும் முறைவைத்து அனுப்பும்படி மென்பொருளை மாற்றி எழுதிய பிறகு, சிற்றூரில் உட்கார்ந்திருக்கும் நோயாளியுடன் தேனி மருத்துவர் திரையில் தடங்கலின்றிப் பேச முடிந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெட்டவெளியில் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று 2005 ஜனவரியில் அரசு அறிவித்ததும் பெரிய உதவி. மிச்சத் தலைவலி மின்சாரம். ஏறி இறங்கும் வோல்டேஜில் கருவிகள் கருகின.

பின்பு 4ஜி வந்தது. 2011இல் ஒப்புதல் பெற்ற திட்டம், பாரத்நெட் என்ற பெயரில், இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு ஒளியிழை கொண்டுபோகக் கிளம்பியது. ஆனாலும் 2024 மார்ச் நிலவரப்படி நாட்டின் 95.44 கோடி இணைய இணைப்புகளில் கிராமத்தின் பங்கு 39.83 கோடிதான், மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் வாழ்வதோ அங்கே.

இந்த இடைவெளிக்கு இன்னொரு வழியும் உண்டு: 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம்.வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில் டீக்கடைக்காரரும் உரிமக் கட்டணம் இல்லாமல் வைஃபை விற்கலாம். கருவியை வாங்கி மாட்டுவதும், பழுதானால் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு.